இடுப்பில் ஒரு டார்ச்

மலையில் குடியிருக்கும் எழுபது தாண்டிய மனிதனுக்கு எத்தனை கை வேண்டும்? ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குடைக்கு ஒன்று. கைத்தடிக்கு ஒன்று. பைக்கு ஒன்று. படி இறங்கும்போது கம்பியைப் பிடிக்க ஒன்று. இருட்டிவிட்டால் டார்ச்சுக்கு ஒன்று. ஆக மொத்தம் ஐந்து. மலைதோறும் கோயில் கொண்ட முருகனுக்குப் பன்னிரண்டு கை இருப்பது சும்மா இல்லை! நமக்குக் கொடுத்திருப்பது இரண்டுதான். அதிலும் குளிர்காலம் வந்தால் என் வலது கை விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

நான் இருப்பது குன்னூர் வண்டிச்சோலைப் பக்கம். ரோட்டிலிருந்து வீட்டுக்கு இறங்க 94 படி. ரோட்டில் தெருவிளக்கு உண்டு, படியில் கிடையாது. ஒரு பக்கம் பிடிப்பதற்குக் கம்பி, இரண்டு பக்கமும் தேயிலை. மலைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காட்டெருமை, கரடி, எப்போதாவது சிறுத்தை, எல்லாமே நம்மைப் போல ரேஷன் கார்டு இல்லாத குடியிருப்புவாசிகள்தான். கரண்ட் விஷயமும் உங்களுக்குத் தெரியும். 1932லேயே பைக்காராவில் மின்சாரம் எடுக்க ஆரம்பித்த மலை இது. கீழே சமவெளிக்கெல்லாம் கொடுத்தோம். ஆனால் ஒரு கற்பூர மரம் கம்பியில் சாய்ந்தால் நம் வீட்டில் மெழுகுவத்திதான். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டி, மலை சரிந்து, மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்டவர்கள் உயிர் போனதே, அப்போது நாள் கணக்கில் இருட்டில் கிடந்தோம். நான் ரிடையர் ஆன வருஷம் அது.

இப்படிப்பட்ட ஊரில் ஆறு மணிக்கு மேல் வெளியே போகாதீர்கள் என்று சென்னையிலிருந்து என் மகள் போனில் சொல்கிறாள். நியாயமான பேச்சு. ஆனால் எனக்குப் போயாக வேண்டிய ஒரு வேலை இருக்கிறது.

எங்கள் வீட்டிலிருந்து பதினைந்து நிமிஷ நடையில் ஒரு நண்பர் இருக்கிறார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். தேயிலை எஸ்டேட்டில் கண்டக்டராக இருந்தவர். (பஸ் கண்டக்டர் இல்லை. தோட்டத்தில் வேலை வாங்கும் உத்தியோகஸ்தருக்கு அந்தப் பெயர்.) கண் அழுத்த நோய் வந்து இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. மகனும் மருமகளும் வேலையிலிருந்து வீடு திரும்ப ஏழரை, எட்டு ஆகும். அதுவரை தனியாக இருப்பார். ஆகவே தினமும் ஐந்தரைக்குப் போய் அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டுவேன். தலைப்புச் செய்தியிலிருந்து தேயிலை ஏல விலை வரைக்கும் ஒரு வரி விடக்கூடாது. அவர் பிள்ளைகள் வந்ததும் கிளம்புவேன். அப்போது நல்ல இருட்டு. நான் போவதை நிறுத்தினால் அந்த இரண்டு மணி நேரம் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். சுவரும் தெரியாது என்பது வேறு விஷயம்.

போன மழைக்காலத்தில் பக்கத்து ஹட்டியைச் சேர்ந்த ஒரு பெரியவர், என் வயதுக்காரர், கடைக்குப் போய்விட்டு இருட்டில் இறங்கி வந்திருக்கிறார். திருப்பத்தில் பெருமூச்சு கேட்டிருக்கிறது. பத்தடியில் காட்டெருமை. அவர் திடுக்கிட்டுப் பின்னால் கால் வைத்ததில் படி தவறி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அந்த மாடு அவரைத் தொடவே இல்லை. அது பாட்டுக்கு நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது. அவரிடம் டார்ச் இருந்தது. நல்ல டார்ச், புது பேட்டரி. பைக்குள், முட்டைக்கோசுக்கு அடியில் இருந்தது.

அவரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்துவிட்டு வந்த அன்று எனக்கு ஒன்று தெளிவானது. நம் வயதில் ஆபத்து பாதி மிருகத்தால், பாதி விழுவதால். டார்ச் எத்தனை லூமென், எத்தனை மீட்டர் அடிக்கும் என்று கடையில் கேட்கிறோம். உடம்பில் எந்த இடத்தில் அது இருக்கும் என்று கேட்பதில்லை. தேவைப்படும் வினாடியில் கைக்கு வராத டார்ச் வீட்டு அலமாரியில் இருக்கும் டார்ச்தான்.

செல்போனில் விளக்கு இருக்கிறதே என்பார்கள். மழையில் நனைந்த விரலை அது அடையாளம் கண்டுகொள்வதில்லை. வழுக்கி விழுந்தால் விளக்கும் போச்சு, போனும் போச்சு. நெற்றியில் கட்டும் விளக்கு ஒன்றை என் மகள் வாங்கி அனுப்பினாள். தெளிந்த இரவில் அருமை. மூடுபனியில் உபயோகமில்லை. விளக்கு கண்ணுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் பனித்துளியில் பட்ட வெளிச்சம் நேராகக் கண்ணுக்கே திரும்பி வருகிறது. எதிரில் வெள்ளை வேட்டி கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். கார்களில் பனி விளக்கைக் கீழே, பம்பர் பக்கத்தில் வைப்பது இதனால்தான். மனிதனுக்கும் விளக்கு இடுப்பு உயரத்தில் இருந்தால் கண் கூசாது.

அப்படியானால் பாக்கெட்? நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். டார்ச்சுக்குப் பிரெஞ்சில் 'லாம்ப் து போஷ்' என்று பெயர், பாக்கெட் விளக்கு என்று அர்த்தம். சொல்லிக் கொடுத்த முசியே சட்டைப் பையைத் தட்டிக் காட்டுவார். புதுச்சேரி வெயிலில் ஒற்றைச் சட்டை போடுகிறவர்களுக்கு அது சரி. நம் மலையில் சட்டை, அதன் மேல் ஸ்வெட்டர், அதன் மேல் கோட்டு, அதற்கும் மேல் மழைக்கோட்டு. எந்தப் பாக்கெட் எந்த அடுக்கில் என்று தேடவே ஒரு டார்ச் வேண்டும்.

ஆக, பெல்ட்டில் மாட்டும் ஓர் உறை வேண்டும். ஹோல்ஸ்டர் என்றால் துப்பாக்கி ஞாபகம் வரும், பயப்பட வேண்டாம். வாளுக்கு உறை, தலையணைக்கு உறை, டார்ச்சுக்கும் உறை, அவ்வளவுதான்.

இது புதுசும் இல்லை. கைடார்ச்சுக்கு நியூயார்க்கில் டேவிட் மிசெல் என்பவர் காப்புரிமை வாங்கியது 1899ல். அதைத் தயாரித்த கான்ராட் ஹியூபர்ட்டின் கம்பெனி முதலில் அங்குள்ள போலீஸ்காரர்களுக்குக் கொடுத்துப் பார்க்கச் சொன்னது. அந்தக் காலத்து பேட்டரியும் இழையும் தொடர்ந்து எரியாது, விட்டு விட்டு மின்னத்தான் முடியும். அமெரிக்காவில் அதை 'பிளாஷ்லைட்' என்று சொல்ல அதுவே காரணம். அந்தக் கம்பெனியின் வழி வந்த பெயர்தான் நம் வீடுகளில் இருந்த எவரெடி. இன்னொரு வேடிக்கை, இந்தியாவில் எவரெடியை 1994ல் வாங்கியது ஒரு தேயிலைக் குழுமம். தேயிலைக்கும் டார்ச்சுக்கும் சம்பந்தம் உண்டு என்பதை நான் மட்டும் சொல்லவில்லை!

பெல்ட் என்றால் இன்னொருவரையும் சொல்ல வேண்டும். பட்டாளத்து அணிவகுப்பில் அதிகாரிகள் இடுப்புப் பெல்ட்டிலிருந்து தோள் வழியாகக் குறுக்கே ஒரு பட்டை போட்டிருப்பதை வெலிங்டன்காரர்கள் பார்த்திருப்பார்கள். அதற்கு 'சாம் பிரௌன் பெல்ட்' என்று பெயர். சாம் பிரௌன் இந்தியாவில் பணியாற்றிய பிரிட்டிஷ் அதிகாரி. 1858ல் நடந்த சண்டையில் இடது கையை இழந்தார். வாளை உருவ ஒரு கை, உறையைப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டுமே? இருப்பது ஒரு கை. உறை ஆடாமல் நிற்கும்படி அவர் ஏற்பாடு செய்துகொண்டதுதான் அந்த பெல்ட். நல்ல உறைக்கு இலக்கணம் இதிலேயே இருக்கிறது: ஒரே கையால் எடுக்க வேண்டும், ஒரே கையால் திரும்ப வைக்க வேண்டும், பார்க்காமல் செய்ய வேண்டும். குடை பிடித்த கிழவனும் ஒற்றைக் கைக்காரன்தான்.

குண்டூசி வாங்கவும் மூன்று கொட்டேஷன் கேட்டுப் பழகிய ஆபீஸ்காரன் நான். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கட்டம் போட்டேன். தேதி, வானிலை, எடுக்க எத்தனை வினாடி, வைக்க எத்தனை வினாடி, கீழே விழுந்ததா, குறிப்பு. டார்ச் என்னிடம் ஏற்கெனவே இருந்தது. நீளம் 13 செ.மீ., பேட்டரியோடு மளிகைக் கடைத் தராசில் 140 கிராம். உள்ளே 18650 என்ற லித்தியம் பேட்டரி ஒன்று. (அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், கடைசி பூஜ்யம் உருளை வடிவம்.) ஸ்விட்ச் பின்பக்கம். ஒப்பிடுவதற்காக முதலில் கோட்டுப் பாக்கெட்டிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இடது கையில் குடை, என் மனைவி கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். ஒன்பது வினாடி. பைக்குள்ளிருந்து எடுக்க இருபத்து மூன்று. காட்டெருமை அத்தனை நேரம் காத்திருக்குமா என்று அவள் கேட்டாள்.

முதல் உறை, டார்ச்சோடு இலவசமாக வந்த நைலான் உறை. மேலே ஒட்டுப்பட்டை மூடி. எடுக்க மூன்று வினாடி, மோசமில்லை. நைலான் துணிக்கு டெனியர் என்று ஒரு கணக்குப் போடுவார்கள். 9000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். 'தெனியே' என்பது பழைய பிரெஞ்சுக் காசின் பெயர். எண் கூடினால் நூல் தடிமன் என்று பொருள். இந்த உறையின் நூல் மெலிசு, மூன்று வாரத்தில் ஓரம் பிசிறியது.

அதைவிடப் பெரிய தொல்லை ஒட்டுப்பட்டைதான். நாயுருவி வேட்டியில் ஒட்டுகிறதே, அதே தத்துவம். 1941ல் ஸ்விட்சர்லாந்தில் ஜார்ஜ் து மெஸ்திரால் என்ற பொறியாளர் நாயோடு மலையில் நடந்துவிட்டு வந்தபோது நாயின் ரோமத்தில் ஒட்டியிருந்த விதைகளைப் பார்த்து யோசித்தது. 1955ல் காப்புரிமை வாங்கினார். 'வெலூர்' என்றால் வெல்வெட் (நம் வேலூர் இல்லை), 'குரோஷே' என்றால் சின்னக் கொக்கி, நம் வீட்டுப் பெண்கள் குரோஷா ஊசி என்கிறார்களே அதே சொல். இரண்டையும் சேர்த்து 'வெல்குரோ'. கண்டுபிடிப்பு நல்லதுதான். ஆனால் அந்தக் கொக்கிகள் ஸ்வெட்டரின் கம்பளியைப் பிடுங்கித் தின்றுவிட்டுப் பிறகு ஒட்ட மறுக்கின்றன. பிரித்தால் 'பர்ர்ர்' என்று ஒரு சத்தம், தெரு நாய்கள் அத்தனையும் எழுந்துகொள்கின்றன. திரும்ப வைக்கும்போது மூடி வாயை மறைத்துக்கொண்டு விழுகிறது, அதைப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். நோட்டில் எழுதினேன்: 'எடுக்க ஒரு கை, வைக்க இரண்டு கை. நிராகரிக்கப்படுகிறது.'

இரண்டாவது, பட்டாளத்துக்காரர்களுக்கான சாமான் விற்கும் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் உறை. டார்ச்சின் தலையைக் கவ்விப் பிடிக்கும், எந்தப் பக்கமும் சுழலும். எடுக்க ஒரே வினாடி! துள்ளிக் குதித்தேன் என்று எழுத ஆசை. குதித்தது என் பேரன், சோதனைக்காக. நான்காவது குதியில் டார்ச் கழன்று விழுந்தது. அந்த உறை ஓர் அளவுத் தலைக்காகச் செய்தது, என்னுடையது ஒரு நூல் சின்னது. பிறகு கோத்தகிரி பஸ்ஸில் ஒரு சோதனை. கொண்டை ஊசி வளைவில் எழுந்தபோது சீட்டுக் கம்பியில் மாட்டி, கிளிப்போடு பெல்ட்டைவிட்டே கழன்று போனது. பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி, "தாத்தா, உங்க டார்ச்சு" என்று எடுத்துக் கொடுத்தாள். விழுந்த சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. இருட்டில் படியில் விழுந்திருந்தால்?

மூன்றாவது தோல். பஜாரில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் அளவு கொடுத்தேன். ஆம்பூரிலிருந்து வந்த தடித்த தோல், மெழுகு பூசிய நூல், கையாலேயே தைத்துக் கொடுத்தார். பார்க்க ராஜா மாதிரி இருந்தது. தோல் பதனிட மரப்பட்டை வேண்டும் என்பதும் அந்தப் பட்டையில் உள்ள டேனின்தான் தோலைக் கெடாமல் காக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நம் மலையில் பார்க்கும் இடமெல்லாம் சீகை மரம் நிற்கிறதே, ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து வளர்த்தது, அதன் பட்டைக்குத் தோல் தொழிலில் நல்ல கிராக்கி இருந்தது. ஆனால் அதே மலையின் மழை தோலுக்கு ஆகவில்லை. நனைந்தால் இளகியது, அடுப்பங்கரையில் காய்ந்ததும் இறுகியது. ஒருநாள் டார்ச் வெளியே வரவே மறுத்தது. ஜூலை முடிவதற்குள் வெள்ளையாகப் பூஞ்சை. வெயில் ஊரில் அதுதான் முதல் பரிசு வாங்கியிருக்கும்.

மூன்றையும் ஒரு சாயங்காலம் நண்பர் மடியில் கொண்டுபோய்ப் போட்டேன். அன்று பேப்பரில் விசேஷம் எதுவும் இல்லை. அவர் ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தடவினார். வாயைத் தடவினார், மூடியைத் திறந்து மூடினார், டார்ச்சை நுழைத்தார், எடுத்தார். பத்து நிமிஷம் எதுவும் பேசவில்லை.

"தம்பி, இதெல்லாம் கண்ணு தெரிஞ்சவன் கண்ணு தெரிஞ்சவனுக்குச் செஞ்சது," என்றார். "வாய் எங்க இருக்குன்னு கட்டை விரலுக்குத் தெரியல. துணி அமுங்கிப் போவுது. விளிம்பு கெட்டியா இருக்கணும். மூடி வேண்டாம், சின்னதா ஒரு பட்டை போதும். தொறந்தா தொறந்தபடியே நிக்கணும்."

நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். பிறகு அவர் கேட்டார்: "அது சரி, டார்ச்சை ஏன் வெளிய எடுக்கறீங்க?"

"எடுக்காம எப்படிண்ணே வெளிச்சம் வரும்?"

"அடியில தொறந்து விடுங்க. தலைகீழா வையுங்க. ஸ்விட்சு மேல வரும். இடுப்புல இருந்தபடியே கால்ல வெளிச்சம் விழும். ரெண்டு கையும் உங்களுக்கு."

மூன்று உறை வாங்கி, பஸ்ஸெல்லாம் ஏறிச் சோதனை செய்த எனக்கு முன்னால் அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து சொன்னது இது. எப்படித் தோன்றியது என்று கேட்டேன். "இருட்டுல நீங்களும் நானும் ஒண்ணுதான் தம்பி. எனக்கு அது பழகிப் போச்சு," என்று சிரித்தார்.

நான்காவது உறையைத் தைத்தவர், பள்ளிக்கூடப் பை ரிப்பேர் செய்யும் தம்பி. பையின் தோள்பட்டைக்குப் போடும் தடித்த நைலான் நாடா, முதுகுப் பக்கத்துக் கெட்டித் துணி, இரண்டு ஓரத்திலும் எலாஸ்டிக். எலாஸ்டிக் இருப்பதால் டார்ச்சை இறுக்கிப் பிடிக்கும், ஒரு நூல் கூடக் குறைய இருந்தாலும் பரவாயில்லை. வாய் விளிம்புக்குள் பழைய தண்ணீர் கேனிலிருந்து வெட்டிய பிளாஸ்டிக் வளையம். மேலே விரல் அகலத்தில் ஒரு பட்டை, பிரஸ் பட்டன். அடியில் துணி இல்லை, டார்ச் நழுவாமல் ஓரத்தில் மட்டும் நாடா. மழைத் தண்ணீரும் உள்ளே தங்காது. பெல்ட் நுழையும் இடம் கிளிப் இல்லை, நாலு பக்கமும் தையல் போட்ட வளையம். அதைக் கழற்ற வேண்டுமானால் பெல்ட்டையே கழற்ற வேண்டும். உறையின் பின்புறம், அடிப்பக்கத்தில், பஞ்சு வைத்த சின்னத் திண்டு. அதனால் டார்ச் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, வெளிச்சம் இரண்டு படி தள்ளி விழுகிறது. கூலி 120 ரூபாய். "எதுக்கு சார் இது, போலீஸ்ல சேரப் போறீங்களா?" என்று கேட்டார்.

சோதனை மறுபடி. விளக்கை அணைத்துவிட்டு எடுத்தால் இரண்டு வினாடி, வைக்க மூன்று வினாடி, இரண்டும் ஒரே கை. எடுக்காமல் ஸ்விட்சை மட்டும் அழுத்த ஒரு வினாடி. பேரன் இருபது குதி குதித்தான், விழவில்லை. குழாயடியில் ஐந்து நிமிஷம், துடைத்துப் போட்டதும் சரி. பஸ் சோதனை தேறியது. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் இன்னொரு சோதனை முக்கியம். நம் ஊர்க் கழிப்பறையில் குந்தி உட்காரும்போது இடுப்பு எலும்புக்கு நேர் பக்கத்தில் இருந்தால் தொடையில் குத்துகிறது. எலும்புக்குச் சற்று முன்னால் மாட்டினால் தொல்லை இல்லை. முதுகுப் பக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். மல்லாக்க விழுந்தால் 13 செ.மீ. இரும்புத் துண்டு முதுகெலும்பில் ஏறும்.

வேட்டி கட்டுகிறவர்கள் எப்படி என்று கேட்பீர்கள். பை வைத்த அகலமான பச்சை பெல்ட் நம் பெரியவர்கள் இடுப்பில் எத்தனை காலமாக இருக்கிறது? அதில் வளையம் கோக்க வேண்டியதுதான். பெண்களுக்கு பெல்ட் இல்லையே என்று என் மனைவி சொன்னாள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத்து அம்மாக்கள் இலை பறிக்கும்போது சேலை நனையாமல் இடுப்பைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டுவார்கள், படங்கு என்பார்கள். அந்தக் கயிற்றில் அவர்கள் செருகாத பொருள் இல்லை. நம் ஆத்தாமார்கள் இடுப்பில் செருகிய சுருக்குப் பையும் ஒரு உறைதானே? மனைவிக்கும் ஒன்று தைத்தாயிற்று. சேலைக்கு மேல் ஸ்வெட்டர், அதன் மேல் மெல்லிய நாடா பெல்ட். இப்போது அவளும் கோயிலுக்குப் போய் இருட்டிய பிறகு நிதானமாக வருகிறாள்.

போன நவம்பரில் ஒருநாள். கடும் மூடுபனி, தூறல். நண்பர் வீட்டிலிருந்து வந்து படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். இடது கையில் குடை, வலது கையில் கம்பி, வெளிச்சம் இடுப்பிலிருந்து காலடியில். நாற்பதாவது படி வாக்கில் அதற்குக் கீழே, வெளிச்சத்தின் ஓரத்தில், இரண்டு வெள்ளைக் கால் தெரிந்தது. பிறகு இன்னும் இரண்டு. காட்டெருமையின் உடம்பு கருப்பு, இரவில் தெரியாது. ஆனால் முழங்காலுக்குக் கீழே காலுறை போட்ட மாதிரி வெள்ளை. கீழ் நோக்கி அடிக்கும் விளக்கில் முதலில் தெரிவது அதுதான். நான் நின்றேன். கை கம்பியில் இருந்தது, கால் தடுமாறவில்லை. திரும்பி ஓடவில்லை. முகத்தில் வெளிச்சம் அடிக்கவில்லை. பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக ஏறி ரோட்டுக்கு வந்து தெருவிளக்கடியில் நின்றேன். இருபது நிமிஷம் கழித்து அது தேயிலைக்குள் இறங்கிப் போயிற்று. நான் வீட்டுக்குப் போய் ரசம் சாதம் சாப்பிட்டேன். வேறு ஒன்றும் நடக்கவில்லை. நடக்காமல் இருந்ததுதான் விசேஷம்.

இப்போது கிளம்பும்போது நண்பர் வாசல் வரை வருவார். நான் ஸ்விட்சை அழுத்தும் 'டிக்' சத்தம் கேட்ட பிறகுதான் கதவைச் சாத்துவார். மகள் ஆறு மணிச் சட்டத்தை ஒன்றும் ரத்து செய்யவில்லை, ஆனால் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

உறை தைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்குச் சில குறிப்பு. ஆபீஸ் பழக்கம், மன்னிக்கவும்.

டார்ச்சை முதலில் வாங்கி, அதற்கு அளவெடுத்து உறை தைக்கவும். உறைக்கு டார்ச் தேடாதீர்கள். தலைகீழாக வைப்பதானால் ஸ்விட்ச் பின்பக்கம் இருக்க வேண்டும். உறைக்குள் எரியவிடும்போது குறைந்த வெளிச்சத்திலேயே வையுங்கள், பெரிய வெளிச்சத்தில் டார்ச் தலை சூடாகித் துணி பொசுங்கும். பகலில் பின்மூடியைக் கால் திருகு தளர்த்தி வைத்தால் பெரும்பாலான டார்ச்சுகள் தானாக எரியாது. உபரி லித்தியம் பேட்டரியைச் சில்லறை, சாவியோடு பாக்கெட்டில் போடவே போடாதீர்கள். இரண்டு முனையும் உரசினால் தீப்பிடிக்கும், அதற்கென்று விற்கும் பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். ஊட்டிக்காரர்கள் உறைபனிக் காலத்தில் உறையைக் கோட்டுக்கு உள்பக்கம் மாட்டுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும், உடம்புச் சூடு அதற்கும் நல்லது. கடைசியாக ஒன்று. புது உறையை வெளியே கொண்டுபோகும் முன், வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு இருபது தடவை எடுத்து வைத்துப் பழகுங்கள்.

நோட்டில் இன்னும் பதினெட்டுப் பக்கம் காலியாக இருக்கிறது. உங்கள் பக்கத்தில் வேறு விதமாக மாட்டிக்கொள்கிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள், கட்டத்தில் சேர்த்துச் சோதனை செய்து பார்க்கிறேன். குதிப்பதற்குப் பேரன் தயாராக இருக்கிறான்.